வலது காதில் அடி விழவில்லை

"அடி எந்தக் காதில விழுந்தது?"

"இடது காதில, டொக்டர்."

"வலது காதில?"

"வலதில அடிக்கல்ல. ஒரேயொரு அறைதான். முன்னால நிண்டு வலக்கையால அடிச்சவர்."

"அப்ப இந்த வலது காது என்னத்துக்கு இடது காதப் போலயே கேக்காம இரிக்கி? ரெண்டு கோட்டையும் பாருங்கம்மா. ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சா ஒரே கோடு."

இது பெப்ரவரி மாதம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், சிறுநீரக நோயாளரைப் பார்க்கும் அறையில் நடந்த பேச்சு. டொக்டர் இஷாம் ஏறாவூரைச் சேர்ந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மகனின் காதுப் பரிசோதனைத் தாளை வதனியின் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு. இரண்டும் துறைப் படியில் கைகோத்து இறங்கும் இரண்டு பேரைப் போல, சேர்ந்தே கீழே இறங்கியிருந்தன. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட வதனிக்கும் அது விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் அதற்குப் பிறகு வந்த நாலு மாதமும் நிம்மதியாக உறங்கியிருப்பாள்.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது ஆனி மாதம். சண்டை முடிந்துவிட்டதென்று வானொலி சொல்லி மூன்று கிழமை. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். கொக்கட்டிச்சோலையில் வதனியின் வீட்டுக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் வெளியில் வரவில்லை. சந்தோசப்படுவதா, அழுவதா, இனி எதற்குப் பயப்படுவது என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுடைய பயமெல்லாம் இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு டொக்டர் பிரிக்கப் போகிற ஒரு கடித உறையில்தான் இருந்தது. கண்டியிலிருந்து வந்திருந்தது அது. அருமைநாயகத்தின் சிறுநீரகம் மகன் உதயரூபனுக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பது அதற்குள் இருந்தது.

அருமைநாயகம் அவளுடைய புருசன். நாலரை வருசமாக அவர் அவளோடு இல்லை.

*

சுனாமியாய்க் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் மகனையும் கூட்டிக்கொண்டு நாவலடியிலிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். உதயனுக்கு அப்போது பதின்மூன்று வயது. முதலில் வந்த தண்ணீர் முற்றத்தை நனைத்துவிட்டுத் திரும்பிப் போக, மணலில் துடித்த மீனைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். அருமைநாயகம் வேலியடியில் நின்று கத்தினார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கிறுகித் திரும்பி ஓடி வந்தன. இவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் மீன் பொறுக்கினான். அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்த கையோடு கடல் இருவரையும் தூக்கிக்கொண்டு போய் ஒரு மாமரத்தில் போட்டது. மத்தியானம் மரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் அந்த மனிதருக்கு நடுக்கம் பிடித்தது. அந்த நடுக்கத்தில் விட்டார் ஓர் அறை. "கூப்பிட்டது கேக்கல்லையாடா உனக்கு?"

பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் சொல்லிவிட்டார், பிள்ளைக்குக் காது மந்தம் என்று. மருந்து கொடுக்க வந்த தாதி, காதில் ஏதும் அடிபட்டதா என்று கேட்டாள். வதனிக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. கடலுக்குத் தப்பின பிள்ளையை உங்கட கையாலயே கெடுத்துப் போட்டீங்க, இனி இந்த வளவுக்குள்ள நிக்க வேணாம் என்று சொன்னாள். அவர் இரண்டு சாரத்தையும் மூன்று சேட்டையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு, அக்கா குடும்பம் இருந்த அகதிக் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

வீடு, வளவு, வட்டையிலுள்ள மூன்று ஏக்கர் வயல் எல்லாம் வதனியுடையவை. தாயின் வீடு மகளுக்கு; கலியாணம் முடிக்கிறவன் பெண் வீட்டுக்கு வருவான். மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையில் நடப்பு அப்படித்தான். போ என்று அவள் சொன்னால் அவன் போகத்தான் வேண்டும். திரும்பி வா என்று சொல்லவும் அவளால்தான் முடியும். ஊர்ப் பெரியவர் போய்க் கூப்பிட்டாலும் அது கூப்பிட்டதில் சேர்த்தியில்லை.

சொல்ல நினைக்காமல் இல்லை. இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் செல் குண்டு மழையாய் விழுந்து இந்தக் கரைச் சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்தபோது, அக்கரைத் துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பள்ளிக்கூட முகாமில் இடம் பிடித்துக் கொடுத்தார். சோற்றுப் பார்சல் கொண்டுவந்தார். "இவருக்குக் காது கேட்காது" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மட்டையில் எழுதுவித்து மகனின் கழுத்தில் போட்டார். நில் என்ற சத்தம் கேளாமல் நடந்துபோகிற பிள்ளைக்குச் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது சாமான்களை உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு விலகி நின்றார். வதனிக்கு வாய்வரை வந்தது. வந்தது, பாதி வழியில் வேறாகி, "மழைக்கு முன்னம் கூரை மாத்தோணும்" என்று வெளியில் விழுந்தது. மூன்றாம் நாள் இரண்டு மேசன்மார் வந்து கூரையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அனுப்பிய ஆட்கள். அவர் வரவில்லை. வதனி புதுக் கூரையின் கீழ் இருந்து அழுதாள்.

*

போன மார்கழியில் உதயனுக்கு விடியற்காலையில் முகம் வீங்கத் தொடங்கியது. சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. கடல்தண்ணி குடிச்ச வயிறு, இப்பத்தான் காட்டுது என்றார்கள் அயலவர்கள். வதனியும் அப்படித்தான் நம்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டொக்டர் இஷாம் கடலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. காதைப் பற்றிக் கேட்டார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கடைசியில் சிறுநீர் எடுக்க ஒரு சின்னப் போத்தலை வதனியின் கையில் கொடுத்தார்.

"வருத்தம் பிள்ளைக்கு டொக்டர். எனக்கு என்னத்துக்கு?"

"குடுங்கம்மா, சொல்லுறன்."

சொன்னார். மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் படம் கீறிச் சொன்னார். சிறுநீரகத்துக்குள்ளே இலட்சக்கணக்கில் சின்னச் சின்ன வடிகட்டிகள். தென்னையில் பன்னாடை இருக்கிறதே, அதைப்போல ஒரு படலம் அந்த வடிகளில் கிடக்கிறது. புத்தகத்தில் அதற்கு அடித்தள மென்சவ்வு என்று பெயர்.

"அந்தப் படலத்துக்கு உரம் குடுக்கிறது ஒரு புரதம். நாலாம் வகைக் கொலாஜன் எண்டு சொல்லுவம். கயிறு திரிக்கிற மாதிரித்தான், மூணு புரி சேர்ந்து முறுகினா ஒரு கயிறு. அந்தக் கயிறுகள் நுனிக்கு நுனி கொழுவி வலையாகும். வலைய மற்றப் புரதங்கள் வந்து பிடிச்சுக்கொள்ளும். இதில ஒரு புரி பழுதாப் பிறந்தா மற்ற ரெண்டும் பிடிக்க ஆளில்லாமக் கழிஞ்சுபோயிரும். ஒரு புரிதான் பிழை. ஆனா மூணுமே இல்ல."

"சின்னனில நல்லாத்தானே இரிந்தவன்?"

"சின்னனில உடம்பு வேற ஒரு கயிறு வெச்சிரிக்கும், அது இளங்கயிறு. வளர வளர அந்த இடத்தில இந்த உரமான கயிறு வரோணும். இவருக்கு வர வழியில்ல. பழசு கிடந்து நையுது. காதுக்குள்ளயும் இதே கயிறுதாம்மா. அதான் ரெண்டு காதும் ஒரே அளவில போயிரிக்கி. கையால அடிச்சு வாற வேலையில்ல இது. அந்த அடிக்கு முன்னமே காது கேக்கிறது குறைஞ்சிரிக்கோணும்."

அந்தப் புரியை முறுக்குகிற வித்தை தாயின் பக்கத்தால் வருகிறது என்றும் சொன்னார். பெண்ணுக்கு அந்த வித்தையின் இரண்டு பிரதிகள். ஒன்று பழுதென்றாலும் மற்றதை வைத்துச் சமாளிப்பாள். ஆணுக்கு ஒன்றுதான். வதனியின் போத்தலிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் இருந்தது. உங்கட பக்கத்தில காது போன ஆம்பிளை ஆரும் இரிந்தவங்களா என்று அவர் கேட்டபோது, வதனிக்குத் தன் அண்ணன் யோகராசாவின் ஊதிப்போன கால்கள் கண்ணுக்குள் வந்தன. அண்ணனுக்குத் தொண்ணூறாம் ஆண்டு செல்லடியில் காது போனது என்பார்கள். படையினர் பிடித்துக்கொண்டு போய் ஒரு கிழமை வைத்து அடித்து விட்டதில் உடம்பு கெட்டு வீங்கிச் செத்தான் என்பார்கள். இருபத்தாறு வயது. வீட்டில் யாருமே வேறு காரணம் தேடவில்லை. ஏன் தேட வேண்டும்? கேட்ட கேள்விக்கெல்லாம் சண்டை பதில் சொல்லியது. சண்டை விட்ட இடத்தில் கடல் பதில் சொல்லியது.

அண்ணனை அடிக்காமல் விட்டிருந்தாலும் செத்திருப்பானா? அடித்ததில்தான் சீக்கிரம் செத்தானா? எதை யாருடைய தலையில் வைப்பது? வீட்டைத் தாய் தந்தாள், வயலைத் தாய் தந்தாள், வம்சமான குடியும் தாயின் குடி. இதையுமா தந்தாள்? தாய்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே, தாய்க்கு என்ன தெரியும் பாவம் என்று இரக்கமும் வந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உதயனுக்கு வேறு சிறுநீரகம் வைக்க வேண்டும், வதனியுடையது உதவாது. தகப்பனுடையதைப் பார்க்கலாம் என்றார் டொக்டர். அதிலும் ஒரு சிக்கல் சொன்னார். உதயனின் உடம்பு அந்தக் கயிற்றைப் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. தகப்பனின் சிறுநீரகத்தோடு அது உள்ளே போனால், யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று சிலருடைய உடம்பு சண்டைக்குப் போகுமாம். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு. வதனி அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். பெற்ற தகப்பனைப் பார்த்து அந்நியன் என்று சொல்லுமாமே ஓர் உடம்பு.

அவள் அருமைநாயகத்திடம் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் வரவில்லை. சித்திரையில் ஒருநாள் ஆஸ்பத்திரித் தாதி கைறுன்னிஸா, "வதனியக்கா, உங்கட அவர் வந்து தானே இரத்தம் குடுத்திட்டுப் போறார். கண்டிக்கும் போகச் சொல்லியிரிக்கம்" என்றாள். உதயன் தகவல் அனுப்பியிருக்கிறான். சிறுநீரகம் பழுது என்று மட்டும் அனுப்பியிருக்கிறான்.

"காது விசயம் நீங்கதான் சொல்லோணும்" என்றான் மகன். "நான் சொல்லிப் போட்டா உங்களுக்குச் சொல்ல ஒண்டும் இரிக்காது."

அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? செய்யாத குற்றத்துக்கு நாலரை வருசம் வெளியில் நிறுத்தி வைத்தவள், இப்போது வயிற்றையும் வெட்டிக் கேட்கிறாள் என்று போய்விட்டால், பிள்ளை இருப்பானா? சொல்லாமல் விட்டால், மகனைச் செவிடாக்கிய பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டே அவர் கத்தியின் கீழ் போய்ப் படுப்பார். ஒரு நாள் சொல்வது சரியென்று படும். மறுநாள் சொல்லாததே சரியென்று படும். முந்தாநாள் உதயன் தவணை வைத்துவிட்டான். "செவ்வாய்க்கிழமை டொக்டர் உறையப் பிரிக்கிறதுக்கு முன்னம் நீங்க சொல்லாட்டி, டொக்டருக்கு முன்னாலயே நான் சொல்லுவன்."

*

மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்று பெயர். மோட்டார் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் பள்ளிக்கூட டீச்சர்மாரும் ஒரே தட்டில் நிற்க, பக்கத்தில் கட்டிய இயந்திரத் தோணி அதைத் தள்ளிக்கொண்டு போகும். சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வதனியும் உதயனும் வந்தபோது, அருமைநாயகம் துறையில் காத்து நின்றார். கிளினிக் நாளென்றால் அவர் இப்போது அக்கா குடும்பத்தோடு இருக்கும் திராய்மடுவிலிருந்து விடிய வெளிக்கிட்டு, பாதையில் இக்கரைக்கு வந்து, துறையோடு நின்றுவிடுவார். வீடு அங்கிருந்து இரண்டு மைல் கட்டைதான். அந்த இரண்டு கட்டையை அவர் நடந்ததில்லை.

"சாப்பிட்டயா மனே?" என்று மகனின் முகத்துக்கு நேரே நின்று கேட்டார்.

"ஓம்ப்பா. அம்மா உப்பில்லாத புட்டு அவிச்சவ. நல்லா இரிக்கி எண்டு பொய் சொல்லிட்டு வாறன்."

"பொய் சொல்லுற வாய் உன்ர அம்மாட குடியில வந்ததில்ல. அது நம்மட பக்கம்."

உதயன் சிரித்தான். வதனிக்கு அந்த வார்த்தை வேறெங்கோ போய்த் தைத்தது. பாதை அசைந்ததும், உதயன் அவளுடைய தோளைத் தொட்டான். "நான் முன்னுக்குப் போய் நிக்கிறன். கிறுகிப் பார்க்க மாட்டன். வாயப் பார்த்தாத்தானே எனக்குக் கேக்கும்." மோட்டார் சைக்கிள்களுக்கு இடையால் புகுந்து, தட்டின் முன் விளிம்பில் போய் நின்றுகொண்டான். மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று அவனுடைய சேட்டை ஊதிப் பெருப்பித்தது. உள்ளே உடம்பு எவ்வளவு வற்றிப் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"கண்டியில என்ர வயித்தப் படம் எடுத்தவங்க, புள்ள" என்றார் அருமைநாயகம். "நல்ல கிட்னியாம். நாப்பத்தாறு வருசமாக் கள்ளுப் படாத கிட்னி."

"படாததோ?"

"கலியாணத்துக்கு முன்னம் பட்டதெல்லாம் படத்தில விழாது." சிரித்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். "பொருந்தும் எண்டுதான் மனம் சொல்லுது. இந்தக் கை செஞ்சதுக்கு இந்த வயிறு பதில் சொல்லட்டும்."

வதனி கைப்பையின் பிடியை முறுக்கினாள்.

"அது உங்கட கை செஞ்சதில்ல."

"என்ன?"

"அவன்ர காது. உங்கட அடியால போகல்ல. இடது காதிலதானே அடிச்சீங்க? ரெண்டு காதும் ஒரே அளவில போயிரிக்கி. டொக்டர் கோடு கீறின தாளில காட்டினவர். சிறுநீரகத்தில என்ன பழுதோ, காதிலயும் அதேதான் பழுது. பிறப்பில வந்தது. என்ர பக்கத்தால வந்தது. அண்ணனுக்கும் அதுதான். எனக்குள்ளயும் இரிக்கி."

டொக்டர் சொன்ன மூன்று புரிக் கயிறு, பன்னாடை, இளங்கயிறு எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாக ஒப்புவித்தாள். தோணியின் இயந்திரச் சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதென்றும் தெரியவில்லை.

"எப்பயிருந்து தெரியும் உனக்கு?"

"மாசியில இருந்து."

"இப்ப ஆனி."

"ஓம்."

"என்னத்துக்குப் புள்ள சொல்லல்ல?"

"சொன்னா நீங்க கிட்னி தராமப் போயிருவீங்களோ எண்டு பயம்."

"நான் அப்பிடிப்பட்ட ஆளா?"

"எனக்குத் தெரியா. நாலரை வருசம் துரத்தி வெச்ச ஓராள் எப்பிடிப்பட்ட ஆளெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கோபப்படுவார் என்று பார்த்தாள். இல்லையென்றால் மனப்பாரம் இறங்கி மூச்சு விடுவார் என்று நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. அவருடைய முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"அப்ப நான் கூப்பிட்டது அவனுக்குக் கேக்கல்ல" என்றார். "ஏழெட்டுத் தரம் கத்தினன் வதனி. கேட்டும் வராம நிக்கான், சொல்லு மதிக்காத பிள்ளை எண்டுதான் அறைஞ்சன். அவனுக்குக் கேக்கவே இல்ல. கேக்காத பிள்ளைக்கு, கேக்கல்லையா எண்டு கேட்டு அடிச்சிரிக்கன்."

"மச்சான்…"

"காதுதான் போச்சுது, அதுக்கு இதைக் குடுத்தாச் சரி எண்டு இரிந்தன். இதுக்கு என்னத்தக் குடுக்கிற?"

குற்றத்தை அவர் தலையிலிருந்து இறக்கிவிடத்தான் அவள் இவ்வளவு நாளும் தயங்கித் தயங்கி வந்தாள். இறக்கிய இடத்திலேயே வேறொன்று வந்து குந்திக்கொண்டது. முன்னால் நின்ற மகன் சொன்ன சொல் தவறாமல் முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரில் முங்கி எழும்பும் நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் அந்த அடிய எப்பவோ மறந்திட்டான்" என்றாள். "அப்பாட குரல்தான் எனக்கு வடிவாக் கேக்கும், உங்கடது கீச்செண்டு இரிக்கி எண்டு எனக்குத்தான் ஏசுவான். தந்தது நானல்லவா? என்னில கோபம் வரல்லையா உங்களுக்கு?"

"தெரிஞ்சா குடுத்த நீ?"

"இல்ல."

"மறுகா என்ன கோபம்."

சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தார். கரை நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சர்மார் குடைகளைக் கையில் எடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். கைறுன்னிஸா. டொக்டர் வேளைக்கே வந்துவிட்டார் போல. உறையைப் பிரித்துவிட்டார் போல. பத்து மணிவரை பொறுக்காமல் சொல்கிற அளவுக்கு நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

"எடுவன் புள்ள" என்றார் அருமைநாயகம்.

வதனி எடுக்கவில்லை. பொருந்தும் என்று கேட்ட பிறகு எதைச் சொன்னாலும் அது கைம்மாறாகிப் போகும். பொருந்தாது என்று கேட்ட பிறகு சொன்னால், ஆறுதலுக்குச் சொன்னதாகிப் போகும். இரண்டுக்கும் நடுவில் இந்தப் போன் அடிக்கிற நேரம் மட்டும்தான் இருந்தது. அது எத்தனை தரம் அடித்து ஓயும் என்று அவளுக்குத் தெரியாது.

"இரிங்க. கைறுன்னிஸா என்ன சொன்னாலும் சொல்லட்டும். அதுக்கு முன்னம் நான் உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்."

"என்ன?"

"கிட்னியில்ல. அது அவனுக்கும் உங்களுக்கும் உள்ள விசயம்." கூரை, மழை, புட்டு என்று வேறு சொற்கள் எல்லாம் வழியில் நின்று மறித்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டு அது வந்தது.

"பின்னேரம் துறையோட நிண்டுராம எங்களோட நடந்து வாங்க மச்சான். வந்து, நம்மட வீட்டிலயே இரிங்க."